வலது கண்

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பச்சை கேட்டின் கொக்கி விழும் சத்தம் கேட்டது. சீனிவாசலு கையிலிருந்த செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அறுபத்தாறு வயதுவரை எவருக்கும் முகத்தை மறைத்தவரல்ல. பீளமேட்டில் மூன்று தலைமுறையாகப் பம்பு செட்டு செய்கிற குடும்பம். சொன்ன தேதியில் சரக்கு அனுப்பத் தவறி ஒரு நாளும் தலைகுனிந்ததில்லை.

"வந்துட்டாரா?" என்று உள்ளேயிருந்து அவருடைய தாயார் ரங்கநாயகி கேட்டார்.

வந்தது ஆண் அல்ல. வெள்ளகோவிலுக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பழனியாத்தாள், காடு தோட்டத்தில் கூலி வேலை செய்கிற ஐம்பது வயதுக்காரி. ஆனால் எண்பத்தெட்டு வயது ரங்கநாயகி அம்மாளுக்கு வாராவாரம் வருவது அவளல்ல. எட்டு வருடத்துக்கு முன் காலமான தம் கணவர் வரதராஜுலு.

இதெல்லாம் சேவைச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆரம்பித்தது. நொய்யல் சேவைச் சங்கம் என்றால் கோவையில் தெரியாதவர் குறைவு. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, தையல் மெஷின், சக்கர நாற்காலி என்று எத்தனையோ செய்தாலும், சங்கத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது கண்தானம்தான். அந்தப் பெயருக்கு அஸ்திவாரம் சீனிவாசலுவின் குடும்பம். சங்கத்தின் முதல் கண் வரதராஜுலுவுடையது. அவர் படத்தை மாட்டி, அதற்குக் கீழே சான்றிதழைத் தொங்கவிட்டு, அதைக் காட்டிக் காட்டியே நூற்று நாற்பது குடும்பங்களைச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். விழாவில் ரங்கநாயகி அம்மாளுக்கு முன்வரிசை, சால்வை. கண் பெற்றவர்களில் பத்துப் பேரை மேடையேற்றினார்கள். அதில் ஒருத்தி பழனியாத்தாள்.

கிழவியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு எப்ப அம்மணி கண்ணு வெச்சாங்க?"

"எட்டு வருசமாச்சுங்க. ஆடி மாசக் கடேசிங்க."

வரதராஜுலு இறந்தது ஆடி இருபத்தாறு. அவ்வளவுதான். அந்தக் கையை அம்மா அதன் பிறகு விடவேயில்லை.

சீனிவாசலு எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "யாரு கண்ணு யாருக்குப் போச்சுன்னு ஆஸ்பத்திரியில சொல்ல மாட்டாங்கம்மா. அதுவும் முழுக் கண்ணை வெக்கறதில்லை. முன்னாடி இருக்கற கண்ணாடி மாதிரி ஒரு தோலு, அதைத்தான் மாத்தறாங்க."

"பாக்கறது அந்த வழியாத்தானே?" என்றார் அம்மா.

 இந்த எட்டு வருடமும் அம்மா தேடிக்கொண்டுதான் இருந்தார். கல்யாணப் பந்தியில் எதிரில் உட்கார்ந்தவர் கண்ணை உற்றுப் பார்ப்பார். பெருமாள் கோயில் வரிசையில் திரும்பி நின்று பின்னால் வருகிறவர்களைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இவரு இல்லை" என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். அந்த இரண்டு வார்த்தை காதில் விழும்போதெல்லாம் சீனிவாசலுவுக்குக் கழுத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் சுவரும் படமும்தான்.

ஏனென்றால் வரதராஜுலுவின் கண்கள் யாருக்கும் போகவில்லை. ஆத்துப்பாலம் மயானத்தில் உடம்போடு சேர்ந்து அவையும் எரிந்துபோயின. வீட்டிலும் சங்கத்திலும் அது சீனிவாசலு ஒருவருக்குத்தான் தெரியும்.

அப்பா கையெழுத்துப் போட்டது உண்மை. அவர் போனதும் சீனிவாசலுவே கண் வங்கிக்குப் போன் செய்ததும் உண்மை. ஆனால் ஐஸ் பெட்டியோடு இரண்டு பேர் பச்சை கேட்டருகே வந்து நின்றபோது, ஹாலில் சூலூர்ச் சம்பந்தி வீட்டார் நாற்பது பேர் இருந்தார்கள். பெற்ற தகப்பனின் முகத்தைத் தோண்டி அனுப்பியவன் என்று நாளைக்கு அவர்கள் சொல்வது இப்போதே அவர் காதில் கேட்டது. கேட்டைத் திறக்காமலே, "அப்பாவுக்கு மஞ்சள் காமாலை இருந்துச்சு. எடுக்கக் கூடாதில்லையா?" என்றார். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் தெருமுனையில் அந்த வண்டியைப் பார்த்த சங்கத்துக்காரர்கள், எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். வீட்டிலும் அன்றைய அழுகையில் யார் உள்ளே வந்தார்கள், போனார்கள் என்று எவரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் இரங்கல் கூட்டத்தில் அறிவித்தார்கள். இருநூறு பேர் எழுந்து நின்று கை தட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டல்! தம் அப்பாவுக்கு விழுந்த அந்தக் கைதட்டலை நிறுத்துவதற்குச் சீனிவாசலுவுக்கு நாக்கு எழவில்லை. அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. அதுவும் சங்கம் அச்சடித்ததுதான்.

இன்று பழனியாத்தாள் சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரசம் ஊத்தட்டுமா? அவருக்கு ரசம்னா உசிரு."

"போதுமுங்கம்மா. வவுறு ரொம்பிப்போச்சுங்க. உங்கூட்டு அய்யனுக்கும் சேத்தி நானே திங்க முடியுங்களா?"

அம்மா பல்லில்லாத வாயால் சிரித்தார். பிறகு சீனிவாசலுவைக் கூப்பிட்டு, "சீனு, நான் கண்டுபுடிச்சுட்டேன். ரெண்டும் அவருது இல்லை. வலது கண்ணுதான். இடது அங்கயும் இங்கயும் அலையுது. வலதைப் பாரு, அசையறதே இல்லை. கணக்குப்பிள்ளை பொய் சொன்னா அவரு அப்படித்தான் பாப்பாரு, நினைப்பிருக்கா?" என்றார்.

சீனிவாசலு பார்த்தார். அந்த வலது கண் அசையாமல் அவர் மேலேயே இருந்தது. பழனியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா படுக்கப் போனதும் அவள் முன்னறைக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க ஐயா, ஒண்ணு சொல்லோணுங்க. அம்மா போடற சோத்தை ஏமாத்தித் திங்கறாப்ல இருக்குதுங்க."

"என்ன?"

"வலது கண்ணு கண்ணே இல்லீங்க. கண்ணாடிங்க. இடதுலதானுங்க நான் பாக்கறது."

சீனிவாசலு செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"சோளத்தட்டு அறுக்கையில வலது கண்ணுல கிழிச்சுப்போட்டுதுங்க. புண்ணாகி, இன்னைக்கே மாத்தலைன்னா ஓட்டை உழுந்துரும்னாங்க டாக்டரம்மா. இடது ஏற்கெனவே பூ உழுந்ததுங்க. அன்னைக்குன்னு பீளமேட்டுப் பக்கத்துல ஒரு பெரிய ஊட்டுல கண்ணு குடுக்கறாங்கன்னு போன் வந்துச்சு. பச்சைத் தண்ணி குடிக்க உடாம என்னையப் படுக்க வெச்சாங்க. மத்தியானத்துல இருந்து காத்துக் கெடந்தனுங்க. பொழுது எறங்குச்சு, வல்லீங்க. செத்தவருக்குக் காமாலைன்னு சொல்லித் திருப்பி அனுப்பிச்சுப்போட்டாங்களாமா. நர்சம்மா சொல்லுச்சு, 'காமாலையும் இல்லை, கீமாலையும் இல்லை, மனசு வல்லை அவங்களுக்கு'ன்னு. அடுத்த நாளே கண்ணு ஒடைஞ்சுபோச்சுங்க. நாலு நாள் கழிச்சுக் கொடுமுடியில ஒரு ஊட்டுல குடுத்தாங்க. அதை இடதுல வெச்சாங்க."

 எட்டு வருடத்துக்கு முன் கேட்டருகே சொன்ன ஒரு சொல், வெள்ளகோவில் வரை போய்விட்டு, இரண்டு பஸ் மாறி அவர் வீட்டு முன்னறைக்கே திரும்பி வந்திருந்தது.

"இருக்கட்டுமுங்க, தலையெழுத்து. அம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிப்போடுங்க, இது அய்யன் கண்ணு இல்லைன்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அய்யனை எங்கீங்க வெச்சிருந்தீங்க, ஆஸ்பத்திரியிலீங்களா?"

"வீட்டுலதான். மாரடைப்பு."

"ஆடி இருபத்தாறுங்களா?"

அவர் தலையசைத்தார். அசைத்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. பழனியாத்தாள் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். தெருவைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். இடது கண்ணில் ஏதோ புரிந்து ஒளிர்ந்து அணைந்தது. வலது கண் மட்டும் முன்பு பார்த்த அதே பார்வை.

"அம்மணி!" உள்ளேயிருந்து குரல். "போறியா? உண்மையைச் சொல்லு. அது அவரு கண்ணுதானே?"

பழனியாத்தாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.  சீனிவாசலு தொண்டையைச் செருமினார். செருமல் மட்டும்தான் வந்தது.

"ஆமாங்கம்மா," என்று அவளே சத்தமாகச் சொன்னாள். "அவருதுதானுங்க."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, தாழ்ந்த குரலில், "உங்களுக்காக இல்லீங்க," என்றாள்.

அன்று சாயங்காலம் அம்மா சொன்னார்: "சீனு, என் கண்ணையும் குடுத்துரு. எங்கயாவது ஒரு நாள் ரெண்டும் எதிரெதிர்ல பாத்துக்கட்டும்."

பழனியாத்தாள் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தாள். சீனிவாசலுவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மாடிக்குப் போய்விடுவார். மாடியிலும் அந்தக் கண்ணாடிப் பார்வை முதுகில் ஒட்டியிருக்கும். கண்ணாடி முன் முகம் மழிக்கும்போது தம் வலது கண்ணைப் பார்க்காமல் மழிக்கப் பழகினார்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, காப்பி டம்ளரைக் கையில் வைத்தபடியே ரங்கநாயகி அம்மாள் போய்விட்டார். சீனிவாசலு போன் செய்தார். பதினொன்றரைக்குக் கண் வங்கி வண்டி வந்தது. சூலூர்க்காரர்கள் எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். இந்த முறை அவரே நடந்துபோய்க் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்தார்.

சங்கத் தலைவர் வெள்ளியங்கிரி அதற்குள் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்: தம்பதியர் இருவருமே கண்ணளித்த குடும்பம். "நம்ம மாவட்டத்துலயே மொதலுங்ணா. பத்திரிகைக்காரர் வந்துட்டே இருக்காருங்ணா," என்றார்.

அறையில் வேலை கால் மணி நேரம்தான். அம்மாவின் முகம் தூங்குவதுபோல் முன்பு இருந்தபடியே இருந்தது. இதற்கா அவ்வளவு பயந்தோம் என்று சீனிவாசலு நினைத்தார். கண் வங்கிப் பெண் பதிவேட்டைப் பிரித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"சார், உங்க அப்பாவும் குடுத்திருக்காருன்னு தலைவர் சொன்னாரு. எங்க பதிவுல அவரு பேரே இல்லீங்களே?"

வெள்ளியங்கிரிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னம்மா ஆபீசு நடத்தறீங்க? எட்டு வருசமா எங்க சங்கத்துல சர்டிபிகேட் தொங்குது. எவ்வளவு பெரிய குடும்பம்! அவங்க குடுத்த கண்ணையே தொலைச்சுப்போட்டு நிக்கிறீங்களா?"

அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துவிட்டது. "தேடிப் பாக்கறனுங்க சார், எங்க தப்பாத்தான் இருக்கும்…" என்று பக்கங்களைப் புரட்டினாள்.

பேசாமல் இருந்தால் போதும். எட்டு வருடமாகச் செய்ததுதான். அம்மாவின் கால்மாட்டில் பழனியாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிரவில்லை.

"தேட வேண்டாம்மா," என்றார் சீனிவாசலு. "உங்க மேல தப்பில்லை. எங்க அப்பா கண்ணு குடுக்கலை. எழுதிக் குடுத்தாரு. நான்தான் காமாலைன்னு பொய் சொல்லி, இதே கேட்டுல இருந்து உங்க ஆளுங்களைத் திருப்பி அனுப்பினேன். எங்க வீட்டுல இதுதான் முதல்."

"ஏனுங்ணா… துக்கத்துல என்னமோ…" என்று வெள்ளியங்கிரி அவர் தோளைத் தொட வந்தார். சீனிவாசலு விலகிக்கொண்டார்.

ஹாலில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ எழுந்து செருப்பைத் தேடினார்கள். அவர் கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கி, குடும்பத்தில் முன்பு தானம் செய்தவர் என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தபோது பழனியாத்தாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண் அம்மாவிடம் திரும்பிவிட்டது. வலது கண் அவர் மேலேயே நின்றது. இந்த முறை அவர் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.