சட்டை நூல்

பிணவறையை ஒட்டிய அறையில் இருந்தவர்கள்: டாக்டர் குருபிரசாத், பிணவறை ஊழியன் அப்பாத்துரை, மேலப்பாளையத்திலிருந்து ஓடிவந்த முகம்மது இப்ராஹிம். அப்புறம் மூடி போட்ட மூன்று வாளிகள். முந்தின நாள் விக்கிரமசிங்கபுரம் பஸ் கவிழ்ந்து செத்த மூன்று பேரின் மூளைகள் அவற்றில் இருந்தன. ஒன்று இப்ராஹிமின் தம்பி அஃப்சலுடையது.

“குளிப்பாட்டத் தலையத் தூக்குனா, உள்ள பஞ்சுல்லா இருக்கு! அசர் தொழுகையோட அடக்கணும். எந்தம்பி மூளையக் குடுங்க.”

டாக்டர் ஒரு தாளை நீட்டினார். “சம்மதம்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?”

அவன் கையெழுத்துத்தான். தம்பி மையித்தைச் சீக்கிரம் வாங்கி அடக்கும் அவசரத்தில், நீட்டிய ஐந்து தாள்களிலும் படிக்காமல் போட்டிருந்தான். தன் கையையே வெட்டிக்கொள்ளலாம் போல ஆத்திரம் வந்தது.

“எட்டு ஊர் ஆஸ்பத்திரி சேர்ந்து செய்யற ஆராய்ச்சி இது. ஐநூறு மூளை சேர்க்கணும். வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் மருந்து வரும். நாளைக்கு உங்க பிள்ளைக்கே உதவும்.”

“அப்ப உம்ம தலையக் குடும்வே!”

“கத்தாதீங்க. யாருதுன்னு தெரியக்கூடாதுங்கறது விதி. வெறும் நம்பர்தான். பேர்ப்பட்டியலை உறையில போட்டு ஒட்டித் தலைமை மையத்துக்கு அனுப்பியாச்சு. இதுல எது உங்க தம்பியோடதுன்னு எனக்கே தெரியாது.” அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

அப்பாத்துரை முன்னால் வந்து மூடிகளைத் திறந்தான். அடியில் பட்டு நசுங்காமலிருக்க, மூளையை நூலில் கட்டி மருந்துநீரில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். முதல் வாளியில் காக்கி நூல். அடுத்ததில் வெள்ளை. மூன்றாவதில் பச்சை.

“செத்தவுக சட்டையில உருவுன நூல்லதான் நான் கட்டுவேன், பாய். பேருதான் போயிருதே, நூலாவது கிடக்கட்டும்னு.”

பச்சைச் சட்டை. பெருநாளைக்கு இப்ராஹிம் எடுத்துக் கொடுத்தது.

“அப்பாத்துரை! அதைத் தொட்டா உனக்கு வேலை கிடையாது. ஒண்ணு குறைஞ்சா நம்மளையே திட்டத்துலேருந்து தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும் சார். இந்தத் திட்டத்துக்கு மட்டும் அம்பது தலையத் திறந்துட்டேன். இது யாருதுலேன்னு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட ஒருத்தரும் கேக்கலியே.”

வாளியைத் தூக்கினான். இப்ராஹிம் மறுபக்கம் பிடித்தான். மருந்து நெடியில் கண் எரிந்து நீர் வடிந்தது. அழுகிறான் என்று டாக்டர் நினைத்துவிடுவாரே என்று அதற்கும் கோபம் வந்தது.

வாசலில் அப்பாத்துரை இடுப்புச் சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினான். டாக்டர் பிடுங்கிக்கொண்டார். பதினோரு வருஷம் அவன் திறந்த கதவு, அவன் முதுகுக்குப் பின்னால் அறைந்து சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து பூட்டினார்.