இம்பி நியெமி வார்த்த ஈயம்

ஆர்வோ நியெமி குடித்துவிட்டுச் சுரங்கத்தில் இறங்கியதால்தான் செத்தான் என்று விசாரணை முடிந்த வாரத்திலிருந்து, அவன் மனைவி இம்பி வார்த்த துப்பாக்கிக் குண்டுகள் பருக்கத் தொடங்கின. அச்சிலிருந்து விழும்போது ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். மதியத்துக்குள் கட்டைவிரலாகும், மறுநாள் விடிந்தால் கோழிமுட்டையாகும். எடையும் அதற்கேற்பக் கூடியது. டாமரக் கல்ச் என்ற அந்தச் சுரங்க ஊரில் அந்த வருஷம் உருளைக்கிழங்கில் கருப்பு விழுந்தது, ஆற்றுப்பாலம் ஒருபக்கமாக இறங்கியது. இம்பியின் ஈயம் பருப்பதையும் ஊரார் இவற்றோடு சேர்த்தே பேசிக்கொண்டார்கள்.

ஐடஹோ மலைகளில் ஈயமும் வெள்ளியும் தோண்ட வந்த ஃபின்லாந்துக்காரர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் முதலில் கட்டியது ஆவிக்குளியல் அறைகளை, அடுத்தது மதுவிலக்கு மன்றத்தை. அந்த மன்றத்துக்குச் செயலாளர் ஆர்வோ. இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கிறது என்று சொல்லி நெஞ்சுச் சளியோடே ஒரு குளிர்காலத்தைக் கழித்தவன். சுரங்கத்தின் கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டைகள் உளுத்துவிட்டன என்று மேலாளர் வாஸ்பர்கிடம் அவன் பலமுறை சொல்லியிருந்தான். கட்டைகளை மாற்றவில்லை, பாறை அவன்மேல் இறங்கியது. ஊரிலேயே பெரிய கூடம் அதுதான் என்பதால் விசாரணையை மதுவிலக்கு மன்றத்திலேயே வைத்தார்கள். ஆர்வோ தன் கையால் வண்ணம் தீட்டிய உறுதிமொழிப் பலகைக்குக் கீழே நின்றுகொண்டு, பிணத்தில் சாராய வாடை வந்தது என்றார் வாஸ்பர்க். கம்பெனி மருத்துவர் தலையாட்டினார். கூடம் நிறைய ஆர்வோவோடு வேலை பார்த்தவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் மறுநாள் காலை வேலை இருந்தது.

இம்பி அழவில்லை. கொட்டகைக்குள் போய் ஈயத்தை உருக்கினாள்.

குளிர்காலத்துக்கு எல்க் மான் அடித்தால்தான் அந்த ஊரில் இறைச்சி. பழைய கார் சக்கரங்களில் எடையைச் சமன்செய்யப் பொருத்தும் ஈயத்துண்டுகளை உருக்கி, பாதி வீடுகளில் குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்வார்கள். நியெமி வீட்டில் வார்ப்பது இம்பியின் வேலை. வார்த்த குண்டைச் சுற்றி ஓடும் பள்ளங்களில் மெழுகு ஏற்றி, நெம்புகோல் கருவியின் அளவுத்துளை வழியே அழுத்தி ஒரே அளவுக்குக் கொண்டுவருவது ஆர்வோவின் வேலையாக இருந்தது. இப்போது இரண்டும் அவள் தலையில். பருத்துக் கிடந்த குண்டுகளை அவள் கருவியில் வைத்து, வாஸ்பர்கின் கழுத்தே அதில் மாட்டியிருப்பதுபோல் உடம்பெல்லாம் சாய்த்து அழுத்தினாள். ஓரங்களில் ஈயம் வளையம் வளையமாக உரிந்து வந்தது. அப்படி நசுக்கிய குண்டுகள் பக்கவாட்டில் புரண்டு பறந்து குறிப்பலகையைக் கிழித்தன. துப்பாக்கிக் குழலின் உட்புறம் ஈயம் அப்பிக் கரடுதட்டியது. முதல் பனி விழுந்தபோது அவள் வீட்டில் ஒரு துண்டு இறைச்சிகூட இல்லை.

இரும்புக்கடை லாய்டு ட்ரெகியரிடம் போனாள்.

“என்ன மெழுகு போடுற?” என்று கேட்டான் லாய்டு.

“உன் கடையில வாங்கினதுதான்.”

“அப்ப அது முதல் தப்பு. விக்கிறவன் நானே அதைத் தொடமாட்டேன். தேன்மெழுகுல ஆட்டுக்கொழுப்பைச் சேத்துக் காய்ச்சு. குண்டையும் கொஞ்சம் சூடாக்கு. அப்பத்தான் பள்ளத்துல நிறைஞ்சு நிக்கும். குழலை அளந்தியா?”

“இல்ல.”

“முதல்ல அதை அள. நீ கோவத்துல நசுக்கி நசுக்கிக் குழலைவிடச் சின்னதாக்கிட்ட. சின்னதாப் போனா சந்துல நெருப்பு பூந்து ஈயத்தை உருக்கிடும். ஒரு முடியளவு பெருசாத்தான் இருக்கணும்.”

“பெருசாக்க நான் எதுவும் செய்யவேண்டாம் லாய்டு. சும்மா வெச்சாலே ஆகுது.”

“கேள்விப்பட்டேன்.” லாய்டு ஆணிப்பெட்டியைக் கிளறினான். “நீ மனசைக் கொஞ்சம் ஆத்திக்கிட்டா அதுவும் அடங்கிடும்னு பேசிக்கிறாங்க.”

“யாரு பேசிக்கிறது? அன்னிக்கு மன்றத்துல வாயத் தைச்சுக்கிட்டு உக்காந்திருந்தவங்களா? நீயும்தான் ரெண்டாவது வரிசையில இருந்த. உங்க துளைக்குள்ள நுழையணும்னு நான் ஏன் சின்னதாகணும்?”

லாய்டு ஆணிப்பெட்டியை மூடினான். அந்த வாரமே, அவள் துப்பாக்கிக்குழல் வழியே மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைத் தட்டி இறக்கி அளந்து, அவளுடைய அளவுத்துளையைத் தன் கையாலேயே தேய்த்து அகலமாக்கிக் கொடுத்தான்.

ஆர்வோவின் தங்கை ஐலி தேனீ வளர்ப்பவள். அவள் கொடுத்த மெழுகில் இம்பி ஆட்டுக்கொழுப்பும் கொஞ்சம் விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சினாள். வார்த்த கையோடு, ஈயம் இறுகுவதற்கு முன், பருப்பதற்கும் முன், மெழுகேற்றித் துளையில் தள்ளினால் வெண்ணெயில் கத்திபோல இறங்கியது. ஆனால் உடனே சுட்டுவிட வேண்டும். வைத்திருந்தால் தோட்டாவின் பித்தளைக் கூடு வெடித்துப் பிளந்துவிடும். அதனால் அடுப்பையும் அச்சையும் நெம்புகோலையும் பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றி, எல்க் இறங்கும் மேட்டுக்கே இழுத்துப் போனார்கள் இரண்டு பெண்களும். மரத்தடியில் ஈயம் உருக்கி, வார்த்து, மெழுகேற்றி, அளவாக்கி, கூட்டில் பொருத்தி, சுட்டாள் இம்பி. ஒரே வெடியில் எல்க் விழுந்தது. “அண்ணி, இத்தனை சட்டிபானையோட வேட்டைக்கு வந்தவ உலகத்துலயே நீங்க ஒருத்திதான்,” என்றாள் ஐலி. அந்தக் குளிர்காலம் முழுக்க இம்பியின் குறி தப்பவில்லை. குறிப்பலகையில் விழுந்த துளைகளை ஒரு காப்பிக்கோப்பையால் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கமாக விழுந்தன குண்டுகள். மன்றத்தில் வாய்மூடி இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பக்குவம் கேட்டு வந்தார்கள். எல்லோருக்கும் சொன்னாள். ஒருவருக்கும் காப்பி கொடுக்கவில்லை. ஒரு ஃபின்லாந்துக்காரி வீட்டில் காப்பி கிடைக்காமல் திரும்புவதன் பொருள் அவர்களுக்குத் தெரியும்.

பனி உருகியதும் கம்பெனி சுரங்க வாயிலில் ஒரு பலகை வைத்தது. குடித்துவிட்டு இறங்காதீர்கள் என்று எழுதி, கீழே ஆர்வோ செத்த தேதியைப் போட்டிருந்தது. இம்பி அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒரே ஒரு குண்டு வார்த்தாள். அதற்கு மெழுகும் ஏற்றவில்லை, துளையிலும் தள்ளவில்லை. வாசலில் நின்று சுரங்கச் சாலையில் வீசினாள். கோடையில் அது பூசணிக்காய் அளவு ஆனது. இலையுதிர்காலத்தில் கன்றுக்குட்டியளவு. மறுவருஷம் வைக்கோற்போர் அளவுக்கு எழுந்து பாதிச் சாலையை அடைத்தது. டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள், சங்கிலி அறுந்தது. வெடி வைத்தார்கள், புகைக்கறை படிந்தது. உருக்கினார்கள். உருகியது தரையில் ஓடி, ஆறியதும் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. மெழுகில்லாத பள்ளங்களில் குருவிகள் கூடு கட்டின. தாது வண்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து போயின. வாஸ்பர்கும் தினம் காரை நிறுத்திக் காத்திருந்துதான் போகவேண்டியிருந்தது.

ஒருநாள் அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இம்பியின் சமையலறையில் வந்து நின்றார்.

“மிஸஸ் நியெமி, உங்க புருஷன் குடிக்கலைன்னு எனக்குத் தெரியும். மேலிடத்துல அப்படிச் சொல்லச் சொன்னாங்க. மன்னிச்சிருங்க.”

இம்பி ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தாள். ஈயம் அப்படியேதான் இருந்தது.

“இதை மன்றத்துல வந்து சொல்றீங்களா?”

“வேலை போயிடுமே.”

“ஊரைக் கூட்டி வெச்சுப் பொய் சொன்ன. உண்மையை மட்டும் என் அடுப்படியில வந்து முணுமுணுக்கிறியா? எந்திரிச்சு நின்னு சொல்லத் தெரிஞ்சவனுக்கு அதே மாதிரி எந்திரிச்சு நின்னு திருப்பிச் சொல்லத் தெரியாதா? வெளிய போ.”

அவர் போனார். கொஞ்ச நாளில் நெவாடாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். மன்றத்தில் கடைசிவரை சொல்லவில்லை.

சொன்னது லாய்டு. மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், மதுவிலக்குக்காரனும் இல்லாத, சனிக்கிழமைதோறும் தள்ளாடுகிற லாய்டு எழுந்து நின்றான். “குடிக்கிறவன் வாடை குடிக்கிறவனுக்குத் தெரியும். ஆர்வோவைத் தூக்கிட்டு வந்ததுல நானும் ஒருத்தன். வாடையே இல்ல. அன்னிக்குச் சொல்லாம உக்காந்திருந்தேன்,” என்றான். அவனுக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார், அவருக்குப் பின்னால் வரிசையே எழுந்தது. அதில் சிலருக்கு மறுநாளே வேலை போனது. சுரங்க வாயில் பலகையை யாரோ பிடுங்கி ஆற்றில் போட்டார்கள்.

அன்றோடு ஈயம் பருப்பது நின்றது. ஊரார் அது சுருங்கும் என்று எதிர்பார்த்து வேலிக்கம்பு நட்டு அளந்து பார்த்தார்கள். சுருங்கவில்லை. இன்னும் என்ன வேண்டும் என்று ஐலியே ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“எதுவும் வேணாம்,” என்றாள் இம்பி. “அது எதுக்குச் சுருங்கணும்? அதோட அளவுல இருக்கு.”

அவள் கடைசிவரை கோபமாகவே இருந்தாள். நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். குண்டுகள் பழையபடி வார்த்த அளவிலேயே நின்றன. லாய்டுக்கு மட்டும் காப்பி கொடுத்தாள். மாவட்டச் சாலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, செலவுக்குக் கையெழுத்து வாங்கி, சாலையைச் சற்று வளைத்துப் போட்டார்கள். சுரங்கம் மூடிப் பல காலம் ஆகிறது. சாலை அந்த இடத்தில் இன்றும் வளைந்துதான் போகிறது. பனி அள்ளும் வண்டிக்காரர்கள் அங்கே வேகத்தைக் குறைத்து, இடதுபக்கம் ஒடித்து, சுற்றிக்கொண்டு போகிறார்கள்.