பதினொன்று நாற்பது

சனிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு என் முறை. இதை என் கணவர் ஞானேஸ்வரனுக்கு மூன்று தரம் வாயால் சொன்னேன். வாட்ஸப்பில் அனுப்பினேன். பிரிட்ஜ் கதவில் எழுதியும் ஒட்டினேன். இனி நெற்றியில் பச்சை குத்துவது ஒன்றுதான் பாக்கி.

எனக்கு நாற்பத்தாறு வயது. பெயர் கௌசி. வால்தம்ஸ்டோவில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் வேலை. நாலு வருடமாக ஐஸ் ஸ்கேட்டிங் பழகுகிறேன். நாலு வருடமாக அவர் சொல்வதும் ஒன்றே ஒன்றுதான்: "விழுந்து இடுப்பை முறிச்சுக்கொண்டு வந்தீரெண்டால் நான்தான் தூக்கிக் காவோணும்." ஒரு நாளாவது வந்து பார்த்தாரா? கிடையாது. போன வைகாசியில், ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில், சாப்பாட்டு மேசையில் பத்துப் பேர் இருக்க, "இவ சனி ஞாயிறிலை சின்னப்பிள்ளையளோடை சறுக்கி விளையாடப் போறா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். இந்த மனிசன் ஒரு தரம், ஒரே ஒரு தரம், என்னை ஐஸில் பார்க்க வேண்டும். போட்டியில் பரிசு வந்தாலென்ன, வராவிட்டாலென்ன. ஒன்றரை நிமிடம் அவர் கண் என்மேல் இருந்தால் போதும்.

"ஓம், கட்டாயம் வாறன்" என்றார். அன்று காலை இல்போர்ட்டில் ஒரு வீட்டில் பொய்லர் திருத்தும் வேலை. அதை முடித்து, வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

பதினொரு மணிக்கு நான் ஐஸ் ரிங்கில் ஆயத்தமாகிவிட்டேன். ஸ்கேட்டிங் சட்டையைத் தைத்தது ரெய்னர்ஸ் லேனில் சாறிப் பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா. "கை நீளமா வேண்டாமோ?" என்று மூன்று தரம் கேட்டுவிட்டு, கடைசியில் மணப்பெண்ணுக்குப் பதிக்கிற அளவு கல்லை நெஞ்சில் பதித்து அனுப்பியிருந்தா. அதற்கு மேலே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்து மர வாங்கில் இருந்தேன். எழும்பினேன். திரும்ப இருந்தேன். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன், அதுவும் சரியாக வரவில்லை, திரும்ப அவிழ்த்தேன். ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

"அக்கா, தண்ணி குடிங்க. கதவையே பாக்காதீங்க லா" என்றாள் வான்மதி. மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே வங்கி வேலையில் தங்கிவிட்டவள். என்னோடு பழகுகிறவள். அவளுடைய போட்டி காலையிலேயே முடிந்துவிட்டது, அதனால் வாய் நிறையப் புத்திமதி.

"வந்துடுவாரு, அக்கா. நான் போன்ல வீடியோ எடுக்கிறேன், நீங்க போய் நல்லா செய்யுங்க."

பதினொன்று இருபதுக்கு அவருக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. பதினொன்று இருபத்தைந்துக்கும் எடுக்கவில்லை. கார் ஓட்டுகிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். எங்கள் பிரிவில் ஐந்து பெண்கள். நாலு நிமிடம் ஐஸில் உடம்பைச் சூடாக்க விட்டார்கள். மற்ற நாலு பேரும் பாய்ந்து பார்த்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள். நான் அந்த நாலு நிமிடமும் வாசற்கதவுக்கு முன்னால் மேலும் கீழும் போய் வந்தேன், பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லி அரை நிமிடத்துக்குள் தொடக்க நிலையில் நிற்க வேண்டும் என்பது விதி. அந்த முப்பது செக்கனையும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் செலவழித்தேன். கதவு திறக்கவில்லை. வயலின் இசை தொடங்கியது.

முதல் பாய்ச்சல் சரியாக வந்தது. நாலு வருடம் அடிபட்டுப் பழகிய பாய்ச்சல், ஆனால் மனதில் ஒரு சந்தோசமும் எழவில்லை. ஒற்றைக் காலில் சுற்றினேன். பழகும்போது ஆறு சுற்று வரும், அன்று நாலோடு நின்றுவிட்டது. வளைவில் திரும்பும்போது கதவு திறந்தது. சிப்ஸ் பெட்டியோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர். இரண்டாவது பாய்ச்சலில் தொப்பென்று விழுந்தேன். எழும்பி மிச்சத்தைச் செய்து முடித்து, கையை உயர்த்திக்கொண்டு நின்றேன். ஆட்கள் கைதட்டினார்கள்.

ஐந்து பேரில் மூன்றாம் இடம். வான்மதி என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். நான் பதக்கத்தை ஜாக்கெட் பொக்கற்றுக்குள் போட்டுவிட்டு, திரும்பவும் அதே வாங்கில் போய் இருந்தேன்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கதவு திறந்தது. கலியாணத்துக்குப் போடுகிற கோட்டு, டை. தலைமுடிக்கு மை பூசியிருந்தார். ஒரு பெரிய பெட்டி நிறைய மீன் ரோல்ஸ். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்பிடி? அஞ்சு நிமிசம் முந்தியே வந்திட்டன் பாத்தீரே!"

"முடிஞ்சுது" என்றேன்.

"என்ன முடிஞ்சுது?"

"என்ரை முறை. பதினொண்டு நாப்பதெண்டு சொன்னனானெல்லோ!"

அவர் சிரிப்பு மெல்ல இறங்கியது. "நீர் பதினொண்டு நாப்பதெண்டால் பன்னிரண்டு நாப்பதெல்லோ?"

இருபத்திரண்டு வருடமாக நான் இவருக்கு எந்த நேரத்தையும் ஒரு மணித்தியாலம் முந்தித்தான் சொல்லி வருகிறேன். கலியாணவீடு, பிறந்தநாள், பள்ளிக்கூடக் கூட்டம், எல்லாம் அப்படித்தான். உண்மை நேரத்தைச் சொன்னால் அந்த நேரத்துக்குத்தான் மனிசன் காலுறை தேடத் தொடங்கும். எங்கள் சனம் முழுக்கவே அப்படித்தான், அட்டையில் ஆறு மணி என்று போட்டால் மண்டபத்தில் ஏழுக்குத்தான் லைட் எரியும். இவர் இரண்டாம் வருடமே என் கள்ளத்தைக் கண்டுபிடித்து, சத்தம் போடாமல் ஒரு மணித்தியாலத்தைக் கூட்டிக்கொள்ளப் பழகிவிட்டார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. இந்த ஒரு தரம் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். இது உண்மை நேரம் என்று சொல்லத்தான் தோன்றவில்லை. தன்வினை தன்னைச் சுடும். அது தெரிந்தபோது கோபம் இரண்டு மடங்காகியது.

"அண்ணே, நான் வீடியோ எடுத்திருக்கேன்" என்று வான்மதி போனை நீட்டினாள்.

பறித்து எறியலாம் போல இருந்தது. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதை. அவர் ரோல்ஸ் பெட்டியை வாங்கில் வைத்தார், கண்ணாடியைப் போட்டார், நின்றபடியே பார்த்தார். வான்மதி எங்களைத் தனியே விட்டுவிட்டுக் கோப்பி வாங்கப் போனாள். ஒன்றரை நிமிடம் முடிந்தது. அவர் திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "என்ன, விழுந்ததைப் பாத்துச் சிரிக்கேல்லையோ?"

"இல்லை" என்றார். போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்லாத்தான் செய்யிறீர். எனக்குத் தெரியாமப் போச்சு. ஆனா ஏன் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் திரும்பித் திரும்பிப் பாக்கிறீர்? பாயேக்கையும் பாக்கிறீர், சுத்தி முடியவும் பாக்கிறீர். விழேக்கையும் அங்கைதான் கண். அந்தப் பக்கம் என்ன இருந்தது?"

"கதவு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னையோ?" என்று கேட்டார்.

"வேறை ஆரை?"

கோபமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குரல் உடைந்துவிட்டது.