வால்வு கம்பெனிக்குப் பூப்போட்டது

சமயநல்லூர், பரவை வட்டாரப் பெருங்குடி மக்களும், மும்பைப் பங்குச்சந்தையும், நேரம் இருந்தால் ரிசர்வ் வங்கியும் கவனிக்க வேண்டியது: அழகுராஜா மோட்டார்ஸ் உரிமையாளர் திரு. அழகுராஜா அவர்கள், வருகிற திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குத் தமது போர்ட்ஃபோலியோவைச் சமநிலைக்குக் கொண்டுவரத் திருவுளம் கொண்டிருக்கிறார்.

இந்த அறிவிப்பு வெள்ளிக்கிழமை மாலை, திண்டுக்கல் ரோட்டோரம் இருக்கிற அவருடைய கடையில், அவருடைய திருவாயாலேயே வெளியானது. கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி தாமரைச்செல்வி ஒருத்திதான்.

“அப்படின்னா?” என்றாள்.

“வால்வு கம்பெனில பாதிய வித்து மத்ததுல போடப் போறேன்.”

“ஓடிபி யாரு போன்ல வரும்?”

சமநிலை அந்த இடத்திலேயே நின்றுபோனது.

அழகுராஜா எரிந்துபோன போர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். வேலையில் கெட்டிக்காரர். ஆனால் காயில் கட்டி முடிகிற வரைக்கும், வந்தவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பங்குச்சந்தை பற்றிய அவருடைய உரையைக் கேட்டாக வேண்டும். மோட்டார் எரிந்தவனுக்கு நாற்றங்கால் காய்கிறதே என்று கவலை. ஒரே மோட்டாரை நம்பியதுதான் அவன் செய்த முதல் பிழை என்பார் அழகுராஜா. “பிரிச்சுப் போடணும்ப்பா. ஒண்ணு சாஞ்சா இன்னொண்ணு தாங்கும். வருசத்துக்கு ஒருக்கா வளந்ததுல கொஞ்சத்தைக் கழிச்சு வளராததுல போடணும். பத்து வருசம் பொறுத்திருக்கணும்.” சொன்னது அத்தனையும் சரி. ஒரு வருசம்கூட அவர் அதைச் செய்ததில்லை என்பது தவிர.

போட்ட பணம் தாமரைச்செல்வியுடையது. வண்டியூரில் அவள் அப்பா எழுதிவைத்த பிளாட்டை விற்றது. அதனால் கணக்கும் அவள் பெயரில், பதிவு செய்த நம்பரும் அவள் நம்பர். அந்தப் பணத்தைத் தொட அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள்: குலசாமியிடம் கேட்க வேண்டும்.

ஆகவே ஐந்து வருசத்துக்கு முன்னால், நாகமலை அடிவாரத்து அய்யன் கோயிலில், இந்தியப் பங்குச்சந்தை வரலாற்றில் எந்த நிபுணரும் செய்யாத ஆராய்ச்சி நடந்தது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில், சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில் மடித்து அய்யன் காலடியில் போட வேண்டும். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். பெண் பார்க்கவும் கிணறு வெட்டவும் கேட்கிற அதே பூவைத்தான் வங்கிக்கும் சோப்புக்கும் மருந்துக்கும் சிமெண்டுக்கும் வால்வுக்கும் போட்டார்கள். ஐந்துக்கும் வெள்ளை வந்தது. ஆளுக்கொரு பங்கு என்று பணம் சரிசமமாகப் பிரிந்தது.

பிறகு வால்வு மட்டும் வளர்ந்தது. சோப்பு நுரைக்கவில்லை, சிமெண்ட் இறுகவில்லை, வால்வு ஒன்பது மடங்கு ஏறியது. ஊர்ப் பங்காளிகள் மற்ற நாலையும் விட்டுவிட்டு இதை மட்டும் வாங்கினார்கள். அதன் பெயரும் ‘அய்யன் ஷேர்’ ஆனது. போன மாசி சிவராத்திரிக்குக் கோயில் வாசலில் அழகுராஜா கைகட்டி நிற்கிற பிளெக்ஸ் வைத்தார்கள். பெரிய பங்காளி நல்லகாமன் தன் தலையில் கட்டவேண்டிய பரிவட்டத்தை எடுத்து அழகுராஜா தலையில் கட்டினார். துணி தலையில் ஏறியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“இது ஷேர் இல்ல, அய்யன் குடுத்த வாக்கு. இத விக்கிறவன் அய்யனையே விக்கிறவன்!”

குலவை போட்டார்கள். தாமரைச்செல்விதான் எல்லோரையும்விடச் சத்தமாகப் போட்டாள்.

அன்றிலிருந்து அவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். நூறு ரூபாயில் எழுபது ரூபாய் வால்வில் நிற்பதைப் பார்க்கிறபோதெல்லாம் பாதியை விற்றுவிடத் தோன்றும். டீக்கடையில், “அண்ணே, அய்யன் ஷேர் எப்படிப் போகுது?” என்பார்கள். “மலை மாதிரி நிக்குது” என்று சொல்லிவிட்டு டீயை ஆறவிடுவார். இந்த வாரம் வால்வு கம்பெனியின் ஆடிட்டர் காரணம் சொல்லாமல் விலகிவிட்டார் என்று செய்தி வந்தது. மூன்று நாளாக மலை இறங்கிக்கொண்டிருந்தது.

“தாமரை, ஆடிட்டர் ஓடுறான்னா கணக்குல ஓட்டைன்னு அர்த்தம். உங்கப்பா பணம்டி.”

“அய்யன விக்கிறவன்னு மைக்குல சொன்னது யாரு? நானா? அய்யன்கிட்ட இன்னொருக்கா கேளுங்க. வெள்ளப் பூ வந்தா நம்பரச் சொல்றேன்.”

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் தெரியாமல் புருசனும் பெண்டாட்டியும் பைக்கில் போய்வருவதாகத்தான் ஏற்பாடு. விஷயம் எப்படியோ கசிந்து, சனிக்கிழமை சாயங்காலமே நல்லகாமன் இவர்கள் வாசலில் வேன் பேசி நிறுத்திவிட்டார். ஒரு கிடாயும் வாங்கியிருந்தார். கையில் காசு தாராளமாக இருந்தது. சித்திரையில்தான் புது டிராக்டர் இறக்கியிருந்தார். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிற இளைய பங்காளி வெள்ளைத்துரை, புது மினி லாரியில் வாழைத்தாரோடு வந்து இறங்கினான். “எல்லாம் அய்யன் குடுத்ததுண்ணே” என்றான். லோன் போட்டு வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார் அழகுராஜா. கடன் வாங்கி வாகனம் வாங்கக் கூடாது என்று ஒரு சிற்றுரையும் நிகழ்த்தினார். இருவரும் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஞாயிறு காலையில் வேனுக்கு முன்னாலேயே பைக்கில் கோயிலுக்குப் போய்ப் பூசாரி கண்ணுச்சாமியைப் பிடித்தார்.

“ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையவே வச்சிருய்யா.”

“அய்யன் காரியத்துல விளையாடலாமாண்ணே?” என்று கேட்டபடியே ஐந்நூறு ரூபாயை மடியில் செருகிக்கொண்டார் பூசாரி.

வேன் வந்தது. பங்காளிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றார்கள். தாமரைச்செல்வி கண்ணை மூடி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பூசாரி பிரித்தார். அரளி, நல்ல சிவப்பில்.

“விக்க வேணாம்னு உத்தரவு!” என்று நல்லகாமன் அழகுராஜாவின் தோளைக் கட்டிக்கொண்டார். “நீ வச்சிருக்கேங்கிற தைரியத்துலதான்யா நாங்க அம்புட்டுப் பேரும் நிம்மதியா இருக்கோம். வம்சத்துல ஒருத்தனாச்சும் சொன்ன சொல்லக் காப்பாத்தணும்ல?”

கிடாயைப் பார்க்கப் போகிறவர்போல் அழகுராஜா பூசாரியை வேப்பமரத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

“என்னய்யா பண்ணிவச்ச?”

“கோவிச்சுக்கிறாதீகண்ணே. நேத்தே நல்லகாமன் அண்ணே வந்து ரெண்டுலயும் செவப்பு வைக்கச் சொல்லி ஐந்நூறு குடுத்துட்டாரு. நீங்க வெள்ளைக்கு ஐந்நூறு. நான் எந்தப் பக்கம் சாய? ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செவப்பு வச்சேன். அப்புறம் அக்கா கை பட்டது.”

அந்த வட்டாரத்திலேயே போர்ட்ஃபோலியோவைச் சரிசமமாகப் பராமரித்த ஒரே மனிதர் கண்ணுச்சாமிதான்.

அழகுராஜாவுக்குக் கோபம் வரவில்லை, பெருமைதான் வந்தது. அழகுராஜா விற்றால் விலை சரிந்துவிடும், தங்கள் பங்குக்கு ஆபத்து என்று நல்லகாமன் பயப்படுகிறார். ஒரு காயில் கட்டுகிறவனின் அசைவுக்கு மும்பை நடுங்குகிறது. பாவம் பங்காளிகள், அவர்களையும் கரையேற்றுவது தன் கடமை என்று பட்டது.

பைக்கை வேன் கூரையில் ஏற்றிக் கட்டச்சொல்லிவிட்டு, திரும்பும்போது அவரும் வேனில் ஏறினார். கறிச்சோற்று மயக்கத்தில் எல்லோரும் சாய்ந்திருந்தார்கள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“அண்ணன் தம்பிகளா! ஒருத்தன் மட்டும் வித்தாத்தான் அது துரோகம். எல்லாரும் சேந்து வித்தா அது வம்சத்தோட முடிவு. அய்யன் கோவிச்சுக்க மாட்டாரு. நாளைக்குக் காலையில ஆளாளுக்குப் பாதி பாதி விப்போம். இதுல நானே முன்னால நிக்கிறேன்.”

தாமரைச்செல்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாக இறுகியிருந்த முகம் கொஞ்சம் இளகியது. அவளும் விலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“அவுக எல்லாரும் விக்கிறதா இருந்தா நானும் நம்பரச் சொல்றேன்,” என்றாள். “என்ன மாமா, விக்கிறீகளா?”

நல்லகாமன் ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டை முதல்முறையாகப் பார்ப்பவர்போல் பார்த்தார். பின் சீட்டில் ஒருவன் திடீரென்று குறட்டை விட்டான். டிரைவர், கேட்காமலேயே பாட்டைச் சத்தமாக வைத்தார்.

“வெள்ளைத்துரை, நீ சொல்றா. பயப்படாம சொல்லு, அண்ணே இருக்கேன்.”

“அண்ணே, பரவை வந்துருச்சு. என்னைய இங்கன இறக்கிவிட்ருங்க.”

“விக்கிறியா இல்லையா?”

“அய்யன் வேணாம்னு சொல்லிட்டாருல்லண்ணே. நம்ம எப்பிடி?”

அவன் இறங்கிப் போனான். “பாத்தீகளா?” என்றாள் தாமரைச்செல்வி. “அவனுக்கு இருக்கிற பக்தி உங்களுக்கு இல்ல.” போனை இடுப்பில் செருகி முந்தானையால் மூடிக்கொண்டாள். அழகுராஜா கம்பியைப் பிடித்தபடியே சமயநல்லூர் வரைக்கும் நின்றுகொண்டு வந்தார்.

அந்த வேனில் விற்பதற்கு வேறு யாரிடமும் அந்தப் பங்கு இல்லை. சித்திரையிலேயே எல்லோரும் விற்றுவிட்டிருந்தார்கள்.