மூன்று இஞ்சு

கழிவறைத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியின் நுனியை முகவாய்க்கடியில் இடுக்கிக்கொண்டு, இஞ்சு டேப்பை வயிற்றின் மேல் வைத்தாள் தையல்காரி. வெளியே தங்கை கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா! விழுந்து கிழுந்து வைக்கப்போறே. கதவைத் திற!"

"இருடி. இங்கேயும் துணைக்கு வருவியா?"

கண்ணாடி போன்ற பிளாஸ்திரி வழியே தையல்கள் தெரிந்தன. தொப்புளருகே ஒன்று, அரை இஞ்சு. இடப்பக்கம் ஒன்று, கால். வலப்பக்கம் ஒன்று, அதுவும் கால். அவ்வளவுதான்.

இருபத்தாறு வருஷம் அளவெடுத்துப் பிழைத்தவளுக்கு எண் மறக்காது. ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர் காகிதத்தில் ஒரு வயிற்றை வரைந்து காட்டியிருந்தார். "சின்ன ஓட்டை வழியா கேமரா போகும். முதல்ல உள்ளே சுத்திப் பார்ப்போம். எல்லாம் சரியா இருந்தா, இரைப்பையில கட்டி இருக்கிற பகுதியை வெட்டி, ஒரு பையில போட்டு, இங்கே மூணு இஞ்சு திறந்து வெளியே எடுத்துடுவோம்."

'எல்லாம் சரியா இருந்தா' அன்று அவள் காதில் ஏறவில்லை. மூன்று இஞ்சு ஏறியது. உடுத்தினால் மறைந்துவிடும் என்று அப்போதே கணக்குப் போட்டாள்.

நேற்று மயக்கம் தெளிந்ததும் தங்கை சொன்னாள், "எடுத்துட்டாங்கக்கா. நானே பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவு." சொல்லும்போதே போர்வை நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள். பொய் சொன்னால் அவள் கை சும்மா இருக்காது. தெரிந்திருந்தும், நம்பத்தான் ஆசையாக இருந்தது. இன்று காலை மகளுக்குப் போன் போட்டு, "சனியன் ஒழிஞ்சது, நீ நிம்மதியா பரீட்சை எழுது" என்றுகூடச் சொல்லியாகிவிட்டது.

"ஏய், எலுமிச்சம்பழத்தை எந்த ஓட்டை வழியா எடுத்தாங்க?"

தட்டல் நின்றது.

"அதெல்லாம் மெஷின்க்கா. நமக்கென்ன தெரியும்?"

"மெஷின் தெரியாது. அளவு தெரியும். பட்டன் ஓட்டையில எலுமிச்சம்பழம் நுழையாதுடி."

டேப்பைச் சுருட்டிக்கொண்டு கதவருகே வந்தாள் தையல்காரி.

"நீ சொல்லு. இல்லேன்னா நர்ஸைக் கேப்பேன். அடுத்தவங்க வாயாலயா நான் தெரிஞ்சுக்கணும்?"

கதவில் துணி உரசும் சத்தம். தங்கை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள் போலிருக்கிறது. குரல் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

"கட்டியை எடுக்கலக்கா. டெஸ்டுக்குத் துளி சதை எடுத்ததோட சரி. இப்போ வெட்டிப் பிரயோஜனமில்ல, முதல்ல மருந்து ஏத்திப் பார்க்கலாம்னாரு டாக்டர். உன்கிட்ட சொல்றேன்னுதான் கிளம்பினாரு. நான்தான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன்."

"ஏன் வெட்டிப் பிரயோஜனமில்லையாம்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஒரு கட்டியோட நிக்கலக்கா. வயித்துச் சவ்வு பூரா, மணலை வாரி இறைச்ச மாதிரி இருக்காம்."