பணியார அடுப்புக்குப் பக்கத்து இடம்

1.

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. எங்கள் கல்லூரி மலருக்குச் ‘சந்தைகளில் சுகாதாரமும் பாதுகாப்பும்’ என்று இரண்டு பக்கம் கேட்டார்கள். நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன்: ‘பொதுமக்கள் திரளும் இடங்களில் தீ விபத்தைத் தவிர்ப்பதற்கு, முதற்கண்—’

அந்த முதற்கண்ணுக்குப் பிறகு குஞ்சம்மாள் என்கிற பெண்பிள்ளை பணியாரச் சட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கச் சொன்னேன்.

“நீ யாரு தம்பி என்னைக் கெளப்ப? சந்தை சூப்பர்வைசராலயே முடியல.”

ஆகவே சூப்பர்வைசரையும் கூப்பிட வேண்டியதாயிற்று. கட்டுரை அதோடு சரி.

சந்தை, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஓர் ஊர் கோபித்துக்கொள்ளும். சொல்லாவிட்டால் எல்லா ஊரும் தங்கள் சந்தைதான் என்று பெருமைப்பட்டுக்கொள்ளும்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: சுதந்திரத்துக்கு முந்தைய வருஷத்து மாசி மாதத்தில், பனையோலைக் கொட்டகைகளின் மேல் கதிரவன் தன் செங்கதிர்களை

(வேண்டாம். கொட்டகை தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காகத்தானே கதையே.)

இரண்டாம் முயற்சி: சாமிதுரையின் மீசை ஒரு பக்கம் குட்டையாக இருந்தது.

இது நிற்கும். சாமிதுரைதான் சூப்பர்வைசர். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது, அழுகின கத்தரிக்காயை அள்ளிக் கொட்டச் சொல்வது, முட்டுகிற மாட்டைத் தனியே கட்டச் சொல்லி மாட்டிடமும் மாட்டுக்காரரிடமும் திட்டு வாங்குவது, எல்லாம் அவர் வேலை. போன தை மாதம் யாரோ எறிந்த பீடியில் பருத்திக் கொட்டகை எரிந்தபோது, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவர் அவர். வண்டிக்காரர் பிழைத்துக்கொண்டார். மீசையில் பாதி போயிற்று. அன்றிலிருந்து நெருப்புக்குக் கிட்டே போனாலே சாமிதுரைக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

குஞ்சம்மாளின் அடுப்பை ஒட்டினாற்போல் லப்பைக்குடிகாட்டு மீரான் பாயின் ஜவுளிக்கடை. ஓலைக் கூரை, ஓலைத் தட்டி, உள்ளே கைத்தறிச் சேலைகள். யுத்தம் முடிந்தும் துணிக்குக் கட்டுப்பாடு தீராத காலம். அதில் ஒரு பொறி விழுந்தால் மீரான் பாய் மறுபடி கடை போட முடியாது.

பஞ்சாயத்து போர்டு தலைவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “பங்குனி பொறந்ததும் வந்து பாப்பேன். ஓலைக்குப் பக்கத்துல அடுப்பு இருந்துச்சு, அப்புறம் சந்தைக்குள்ள ஒருத்தியும் அடுப்பு மூட்டக் கூடாது.”

3.

“இந்தாம்மா, அடுப்ப அந்தப் புளியமரத்தண்ட கொண்டு போ,” என்றார் சாமிதுரை.

“இங்க என்னங்க கொறச்சல்?”

“பத்திக்கும்.”

“பத்துனா அணைக்கத்தான போர்டுல ஒங்களுக்குச் சம்பளம்?”

“என் மீசையப் பாத்தியா இல்லியா?”

குஞ்சம்மாள் பார்த்தாள். “அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கத்திரிச்சு வுட்டா சரியாப் போயிடும்ங்க.”

சாமிதுரை, தலைவர் சொன்னதைச் சொன்னார். அவள் கை நின்றது. சட்டியில் பணியாரம் கருக ஆரம்பித்தது. குஞ்சம்மாள் பணியாரம் கருகவிட்டதை அந்தச் சந்தை அதற்கு முன் பார்த்ததில்லை.

“வூட்டுல நாலு வயிறு இந்தச் சட்டியத்தான் பாத்துக்கிட்டு கெடக்குது,” என்றாள். “சரிங்க. மரத்தடிக்கே போறேன்.”

[இந்த இடத்தில் ‘இருவர் கண்களும் சந்தித்தன’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. அடித்துவிட்டேன். சாமிதுரையின் மனைவி ரத்தினம்மாள் அரியலூரில் சௌக்கியமாக இருக்கிறார். படிக்கத் தெரிந்தவர்.]

4.

மறு சந்தையில் அடுப்பு புளியமரத்தடியில் எரிந்தது. சாமிதுரை நிம்மதியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து பார்த்தால், அடுப்பை ஒட்டினாற்போல் மீரான் பாயின் ஓலைக் கொட்டகை.

“பாய்! இங்க எப்படி வந்தீங்க?”

“நடந்துதான்.”

“அதில்லங்க. கொட்டாய ஏன் இங்க போட்டீங்க?”

“தங்கச்சி எங்கயோ அங்கதான நம்ம கடை? பொம்பளைங்க பணியாரம் வாங்குறாங்க, தின்னுக்கிட்டே சேலையப் பாக்குறாங்க. வாய்க்கு வேலை இருக்கையில பேரம் கம்மி. அல்லா குடுத்த யாவாரம் சார் அது.”

மீரானுக்குத் தெற்கே மிளகாய் வியாபாரி அங்கமுத்து, கிணற்று மேடை மேலேயே மிளகாயைக் கொட்டி வைத்திருந்தார். தண்ணீர் சேந்த வந்தவர்கள் தும்மிக்கொண்டே சேந்தினார்கள்.

“யோவ் அங்கமுத்து, அது கெணறுய்யா!”

“பாய்க்குத் தெக்கால என் கடை. எங்கப்பா காலத்துலேருந்து அப்படித்தான். பாய்க்குத் தெக்கால கெணறு இருந்தா நான் என்னங்க பண்றது?”*

* டவுன் வாசகர்களுக்கு: இந்தச் சந்தையில் கடைகளுக்கு நம்பர் கிடையாது. யாருக்குப் பக்கத்தில் யார் என்பதுதான் கணக்கு. மிளகாய்க்கு அப்பால் உப்பு, உப்புக்கு அப்பால் கருவாடு. ஒருவரை நகர்த்தினால் சந்தை முழுதும் பின்னாலேயே நகர்ந்து வந்து, பழைய வரிசையிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த வாரம் அடுப்பை, மாடு விற்கிற மாட்டுத்தாவணிப் பக்கம் அனுப்பினார். சந்தையும் போயிற்று. ஒரு காளை, மீரான் பாயின் நல்ல சேலை ஒன்றை முந்தானையிலிருந்து தின்னத் தொடங்கிற்று.

5.

இங்கே எனக்குச் சாமிதுரை மேல் சந்தேகம் வந்தது. பாதுகாப்பைப் பற்றிய கதையின் நாயகர் இன்னும் கொஞ்சம் கெட்டிக்காரராக இருக்க வேண்டாமா? கடைக்காரரையே விலகச் சொல்லலாமே? சொன்னார். “நான் போனா அந்த எடத்துக்கு மொளகா வரும்,” என்றார் மீரான். “மொளகா பத்துனா அரியலூர் வரைக்கும் இருமும்.” ஓலைக்குப் பதில் தகரம்? யுத்தம் தகரத்தை எல்லாம் தின்றுவிட்டிருந்தது.

முடிவு (அ): கொட்டகை எரிகிறது. எழுதியும் பார்த்தேன், நன்றாகவே எரிந்தது. ஆனால் அதற்குப் பிறகு குஞ்சம்மாள் என்னிடம் ஒரு வாக்கியம்கூடப் பேச மறுத்தாள். கிழித்துவிட்டேன்.

முடிவு (ஆ): குஞ்சம்மாளும் மீரானும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். இருவரும் சம்மதிக்கவில்லை. “எதுக்காவ சண்டை?” என்று கேட்டார்கள். அதையும் கிழித்துவிட்டேன்.

முடிவு (இ)யைச் சாமிதுரையே கொண்டு வந்தார்.

6.

பங்குனியின் முதல் சந்தை. அடுப்பும் அதன் பின்னாலேயே சந்தையும் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. விடிந்ததும் சாமிதுரை ஒரு மர பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடுப்புக்கும் கொட்டகைக்கும் நடுவில் போட்டார். இந்தப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பானை, அந்தப் பக்கம் ஒரு கூடை மணல். நடுவில் தாமே உட்கார்ந்துகொண்டார்.

“கேட்டுக்கங்க. இனிமே குஞ்சம்மாவுக்குத் தெக்கால நான். எனக்குத் தெக்காலதான் பாய்.”

சந்தை யோசித்தது. சட்டம் பேசியிருந்தால் சண்டைக்கு வந்திருக்கும். இது பக்கத்து இடம்; அதற்கு அங்கே மரியாதை உண்டு.

“வாராவாரம் வருவீங்களா?” என்று கேட்டார் அங்கமுத்து.

“வருவேன்.”

“அப்ப சரி. எடத்த மட்டும் வுட்டுறாதீங்க. வுட்டா நாங்க நெருங்கிடுவோம், எங்களுக்கே தெரியாது.”

கொட்டகை விலகிற்று. மிளகாய் விலகிற்று. கருவாடு, ரோட்டோரம் வரை விலகிற்று. சாமிதுரைக்கு ஒரு பக்கம் முழுதும் அனல். உள்ளங்கை வேர்த்தது, வேட்டியில் துடைத்துக்கொண்டார், மறுபடி வேர்த்தது.

“பயமா இருந்தா அடுப்பப் பாக்காதீங்க,” என்றாள் குஞ்சம்மாள், தையல் இலையில் பணியாரத்தை நீட்டி. “இதப் பாருங்க.”

7.

அப்போது சந்தை வாசலில் கார் ஹாரன். தலைவர். பியூன் தர்மராஜ் அங்கிருந்தே கத்தினார்: “சூப்பர்வைசரு! மாலை போட ஒங்களத்தான் கேக்குறாரு! ஓடியாங்க!”

போகாவிட்டால் வேலை போகும். போனால், மாலை போட்டு, கும்பிட்டு, தலைவரை இங்கே அழைத்து வருவதற்குள் கொட்டகை அடுப்போடு ஒட்டியிருக்கும். அப்புறம் அந்தச் சந்தையில் அடுப்பே கிடையாது. இப்போதே மீரானின் தட்டி ஒரு சாண் நகர்ந்துவிட்டது. வேண்டுமென்று இல்லை, பாவம், அவருக்கே தெரியாது.

சாமிதுரை பாதி எழுந்திருக்கிறார்.

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அவரைப் பாதி எழுந்த நிலையிலேயே வைத்திருக்கிறேன், அவருக்கு முழங்கால் வலிக்கிறது. அங்கே இருக்கிறவர்கள் எல்லாருக்கும் வரிசையில் அவரவர் இடம் உண்டு. விட்டுவிட்டு வர முடியாது. சும்மா இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

கொஞ்சம் வந்து அந்த பெஞ்சில் உட்காருங்கள். அவர் மாலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். ஒரு பக்கம் சுடும், மறு பக்கம் மீரான் பாய் சேலை காட்டுவார். பணியாரம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.