நோயாளி: ஆண்

மேற்பார்வையாளர் தம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம், என் கோப்பு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நிர்வாக எழுத்தர். கதவோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் சங்கச் செயலாளர். என் சார்பில் பேச வந்தவர். எனக்கு ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். வெயில் முழங்கால் வரை வந்துவிட்டதால் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"பார்த்தீங்களா, மாப்பிள்ளைக்கு வெயில் ஆகாதாம்" என்றார் எழுத்தர்.

நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் குறிக்கிறவன். வெயிலில் அலைந்தால் இரண்டு கன்னமும் சிவந்து தடிக்கிறது. மறுநாள் விரல்கள் மடங்குவதில்லை. லூபஸ் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். உடம்பைக் காக்க வேண்டிய காவலே உடம்பைத் தாக்குகிற நோய். அந்தச் சான்றிதழை இணைத்து, பில் போடும் அறைக்கு மாற்றக் கேட்டிருந்தேன். தலைமை அலுவலக மருத்துவர் அதன் ஓரத்தில் 'நோயாளி ஆணா? விளக்கம் தேவை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இது பொம்பளைங்களுக்கு வர்ற வியாதியாச்சே. என் மச்சினிச்சிக்கே இருக்கு. வீட்டுக்காரம்மா சீட்டுல உங்க பேரை ஏத்திட்டீங்களா?" என்றார் எழுத்தர்.

"அண்ணே, அளவா பேசுங்க" என்றார் செயலாளர்.

"சும்மா கேட்டேன்பா. கேக்கக் கூடாதா?"

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "மாத்திவிடுறதுல எனக்கு ஒண்ணுமில்ல. விளக்கம் வரணும். இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து பழைய ரூட்டுதான்."

விளக்கம் என் பைக்குள்ளேயே இருந்தது. ஆணுக்கு இந்த நோய் வருவது அரிது என்பதால் மருத்துவர் இன்னொரு சோதனையும் செய்யச் சொல்லியிருந்தார். ஆண்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று, ஒய் ஒன்று. எனக்குப் பிறவியிலேயே எக்ஸ் ஒன்று கூடுதல். அப்படிப்பட்ட ஆண்களுக்கு, ஏறக்குறைய பெண்களுக்கு வருகிற அளவுக்கே லூபஸ் வருமாம். பிள்ளை இல்லாததற்கும் அதுதான் காரணம் என்றார். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டேன்.

நடைவழியில் செயலாளர் என் தோளைத் தொட்டார். "தம்பி, ஏதாவது காகிதம் இருந்தா குடுத்துத் தொலையேன்."

"எழுத்தர் வழியாத்தானே போகணும்?"

"முறை அதுதான்."

"படிப்பாரா?"

"படிக்காமலா? டீக்கடையில உக்காந்து சத்தமா படிப்பாரு. டிரைவருக்கு மூல வியாதின்னு ஊருக்கே தெரிஞ்சது எப்படின்னு நினைக்கிற?"

"நேரா தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினா?"

"ஏன் அனுப்பினேன்னு மெமோ வரும்."

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சோதனை விவரம் அவளுக்கு அன்றே தெரியும். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். என் சட்டையின் கையை இரண்டு முறை மடித்துப் பிரித்தாள்.

"இத்தனை வருஷமா எல்லா டெஸ்டும் எனக்குத்தானே எடுத்தாங்க" என்றாள்.

"ஆமா."

"உங்கம்மா மாத்திரை வாங்கிக் குடுத்தாங்க, உங்கக்கா டாக்டரை மாத்தச் சொன்னாங்க. உங்களை ஒருத்தரும் கேக்கல."

"ஆமா."

அழ வேண்டிய இடம் அது என்று தெரிந்தது. விரல்தான் வலித்தது, நீட்டிவிட்டுக்கொண்டேன்.

"அனுப்புங்க" என்றாள்.

"தெரிஞ்சா கேலி பண்ணுவாங்க."

"பண்ணட்டும். நிழல்ல உக்காந்து கேட்டுக்கோங்க. வெயில்ல போய் விழுந்தா எவன் தூக்குவான்? அந்த எழுத்தரா?"

மேசைக்குப் போனேன். பெறுநர் இடத்தில் தலைமை அலுவலக மருத்துவர் என்று எழுதினேன். வழக்கமாக அதன் கீழே 'உரிய வழியாக' என்று எழுதுவேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கடிதத்திலும் விட்டதில்லை. இதில் எழுதவில்லை. 'ஐயா, தங்கள் கேள்விக்குப் பதில்: ஆம், ஆண். காரணம் இணைப்பில் உள்ளது. இணைப்பைத் தாங்கள் மட்டும் பார்க்க வேண்டுகிறேன்.' இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். கையெழுத்து கோணலாக விழுந்தது. நகல் எழுத்தருக்கு, இணைப்பு இல்லாமல்.

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் அஞ்சலகம் போனேன். முகப்பிலிருந்த பெண் உறையை எடைபோட்டாள்.

"உள்ள என்ன சார்?"

"காகிதம்தான்."

"இன்னும் ஒட்டலையே."

பசைக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். விரல் மடங்காததால் உள்ளங்கையால் தேய்த்து ஒட்டினேன். அவள் முத்திரை குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டாள்.